சந்தனமேரியும் தீவு அண்ணாச்சியும்

சந்தனமேரி தன் புருஷன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்து வைத்திருந்தாள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வருஷா வருஷம் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று கொடுப்பார்கள். மிக்கேல்ராஜ் வீட்டில் இருக்கிற நாளின் தாளை மட்டும் அவள் குப்பையில் போடமாட்டாள். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைப்பாள். 1960 ஜனவரியில் ஒருநாள் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். முந்நூற்று அறுபத்தொன்று. கல்யாணமாகி ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முழு வருஷத்துக்கு இன்னும் நாலு தாள் குறைந்தது.

நியாயமாகப் பார்த்தால் அது முந்நூற்று அறுபத்து மூன்றாக இருந்திருக்க வேண்டும். மிச்சம் இரண்டு நாளை வேதமாணிக்கம் எடுத்துக்கொண்டார் என்பது அவள் கட்சி.

வேதமாணிக்கத்தை அவள் பார்த்ததில்லை. அவர் கடலுக்குள், வேம்பாற்றிலிருந்து எட்டு மணி நேரத் தோணிப் பயணத்தில் இருக்கிற ஒரு தீவில், கலங்கரை விளக்கத்தின் பெரிய காவலர். மிக்கேல்ராஜ் அவருக்கு அடுத்தவன். தீவில் ஆட்கள் அந்த இரண்டு பேர்தான். மூன்று மாதம் தீவு, பதினைந்து நாள் வீடு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரிசி, தண்ணீர், மண்ணெண்ணெய், தபால் ஏற்றிக்கொண்டு டிபார்ட்மெண்டுத் தோணி போகும். ஒரு தோணியில் வந்து அடுத்த தோணியில் திரும்புவது வழக்கம். அந்தக் கிறிஸ்துமஸ் லீவில் மிக்கேல்ராஜ் இரண்டு நாள் முன்னதாகவே துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தோணிக்கு நிற்காமல், மீன்காரர் வள்ளத்தில்.

"பதிலுக்கு வந்த ஆளு சரியில்ல. அண்ணாச்சி ஒத்தையில கஷ்டப்படுவாவ" என்றான்.

"நான் மூணு மாசம் ஒத்தையில இருக்கனே, அது?" என்று சந்தனமேரி கேட்டாள்.

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

பசுவந்தனைக்குப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. மிக்கேல்ராஜ் பத்தொன்பது வயதுவரை பனை ஏறினான். ஐம்பதாம் வருஷத்தை ஒட்டி மழை பொய்த்தபோது தூத்துக்குடிக்கு மூட்டை தூக்கப் போனான். அங்கே ஒருநாள் விளக்குக் கோபுரத்துக்கு வெளிப்பக்கம் வெள்ளையடிக்க ஆள் தேடினார்கள். கயிற்றில் தொங்க எல்லோரும் பயந்தார்கள். இவன் பனையில் நிற்கிறவன்போல நின்று, வெற்றிலை போட்டபடி அடித்து முடித்தான். பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் ஊரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். எட்டாம் வகுப்பு என்றதும் வேலை கொடுத்துவிட்டார். கோபுரம் ஏறுகிற வேலை, தூங்காமல் இருக்கிற வேலை. பேச வேண்டிய வேலை இல்லை. மிக்கேல்ராஜுக்கு அது பொருந்திப்போனது.

பேச்சு இல்லாதது வீட்டில்தான் பொருந்தவில்லை. லீவில் வந்தால் சாப்பிடுவான், வேலியைச் சரிசெய்வான், கோயிலுக்குப் போவான். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்து, வலது கையால் காற்றில் எதையோ சுற்றுவான். தீவில் அந்த விளக்கின் கண்ணாடிக் கூடு ஒரு எடைக்கல்லின் இழுப்பில் சுழல்கிறது. கல் கீழே இறங்க இறங்க, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரிக் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். அந்தப் பழக்கம். சந்தனமேரி கையைப் பிடித்துக் கீழே வைப்பாள். அவன் படுத்துவிடுவான்.

வாயைத் திறந்தால் வருகிறது ஒரே ஒரு பேர்.

"அண்ணாச்சி வெங்காயத்த இப்படிப் பெரிசா அரிய மாட்டாவ."

"அண்ணாச்சி சட்டைக்குக் கஞ்சி போட்டா நாலு நாளைக்கு நிக்கும்."

"இந்த மேகத்தப் பாத்தா அண்ணாச்சி, நாளைக்கு வாடக்காத்துன்னு சொல்லிருவாவ."

சந்தனமேரி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கோவில்பட்டியிலிருந்து சைக்கிளில் பெட்டி மடிக்க மெல்லிய குச்சிப்பலகையும் தாளும் கொண்டுவந்து கொடுப்பார்கள். காட்டில் வேலை இல்லாத நாளில் பெட்டிகளை ஒட்டிக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அண்ணாச்சி பேர் வந்த நாட்களில் பெட்டிகள் கோணலாக ஒட்டப்பட்டன.

பக்கத்து வீட்டு ஜெயகுமாரியும் சேர்ந்து ஒட்டுகிறவள். அவள் புருஷன் மில்லில் வேலை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவன் சைக்கிள் மணி தெருவில் கேட்கும். அந்த மணியைக் கேட்டால் சந்தனமேரிக்கு எரியும். ஜெயகுமாரிக்கும் அது தெரியும்.

"ஏட்டி, ஒரு ஆம்பளைக்கு இன்னொரு ஆம்பள வெங்காயம் அரியுத அழகு கண்ணுல நிக்குமா?" என்று அவள் ஒருநாள் ஆரம்பித்தாள். "நல்லா விசாரிச்சுக்க. சேல கட்டுன அண்ணாச்சியா இருக்கப் போவுது."

"சும்மா கெட."

"நான் சும்மாதான் கெடக்கேன். ரெண்டு நாள் முந்தி ஓடுன ஆளு ஒன் வீட்டுக்காரவியதான."

சந்தனமேரிக்கு வேறு ஒரு காயமும் இருந்தது. ஜெயகுமாரியிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. ஐம்பத்தாறில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. பதினோராம் நாள் மூச்சு வாங்கியபோது ஞானஸ்நானத்துக்குச் சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி, வாய்க்கு வந்த பேராக மரியம்மாள் என்று வைத்தாள். தகவல் கடிதமாகத் தோணியில் போனது. மிக்கேல்ராஜ் வந்தபோது ஏழு வாரம் கழிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழிமேல் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. அவன் நின்று பார்த்தான். "சுவரு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு" என்றான். அவ்வளவுதான். அடுத்த நாள் அந்தச் சுவரைக் கட்டினான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவனுக்கு நெஞ்சில் ஈரம் கிடையாது என்று அன்றைக்கு அவள் முடிவு செய்துகொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது. அவனிடமே இல்லாத ஈரத்துக்கு யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை.

பிப்ரவரியில் பருத்தி வெடித்தது. நல்ல கூலி கிடைக்கிற சமயம். அதை விட்டுவிட்டு, அண்ணாச்சியை நேரில் பார்த்துவிடுவது என்று சந்தனமேரி ஒரு துணிப் பையில் சேலை ஒன்றும் கருப்பட்டியும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோவில்பட்டி, விளாத்திகுளம், வேம்பாறு என்று மூன்று பஸ். கடலை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் அதன்மேல் அவளுக்கு மரியாதை எதுவும் வரவில்லை.

தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். ராத்திரி வேம்பாற்றுக் கோயிலில் படுத்திருந்துவிட்டு அவள் விடிகாலையில் போனபோது, தண்டல் அய்யாத்துரை தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை ஆட்டினார்.

"பொம்பளையாள ஏத்த ஆர்டர் இல்ல தாயி. டிபார்ட்மெண்டு எழுத்து வேணும்."

சந்தனமேரி தோணிக்குள் எட்டிப் பார்த்தாள். பீப்பாய்களுக்கு நடுவே ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது.

"அந்த ஆட்டுக்கு எழுத்து இருக்கா அண்ணாச்சி?"

தோணிக்காரர்கள் சிரித்தார்கள். அய்யாத்துரையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆடு திரும்பி வராது தாயி" என்றார்.

"நான் திரும்பி வருவனான்னு எனக்கே தெரியாது. ஏத்துங்க."

நாளைக்குக் காலையில் இதே தோணியில் திரும்பிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஏற்றினார். எட்டு மணி நேரமும் அவள் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஆடு எடுக்கவில்லை.

தீவு அவள் நினைத்ததைவிடச் சின்னது. பசுவந்தனைக் கண்மாய்க்குள் அடங்கிவிடும். மணல், முள்செடி, வெள்ளைக் கோபுரம், அதன் காலடியில் இரண்டு அறை. மிக்கேல்ராஜ் கயிறு வாங்கத் தண்ணீருக்குள் இறங்கி வந்தான். பீப்பாய்களுக்கு நடுவே பெண்டாட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"ஏட்டி, யாரு செத்தா?"

"யாரும் சாவல. சும்மாதான் வந்தேன்."

மேட்டிலிருந்து வழுக்கைத் தலையோடு ஒருவர் அரைக்கால் சட்டை மட்டும் போட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சேலையைக் கண்டதும் திரும்பி ஓடி, பொத்தானைப் போட்டுக்கொண்டே மேல்சட்டையோடு மறுபடி வந்தார். சேலை கட்டின அண்ணாச்சி இல்லை. சந்தனமேரிக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"வாங்க தங்கச்சி" என்றார் வேதமாணிக்கம். "பசுவந்தனையிலருந்து எத்தன பஸ் மாறி வந்தீங்க? இடுப்பு வலி எப்படி இருக்கு? இவன் சொன்னான், பருத்திக்குக் குனிஞ்சா பிடிச்சுக்கிடுதாம்லா."

இடுப்பு வலியைப் பற்றி அவள் புருஷனிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அவன் அப்போது கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தாள்.

சாப்பாடு அண்ணாச்சி வைத்தது. சாளைக் கருவாட்டுக் குழம்பு. சமையலறையில் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தன: இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு பலகை. தோணிக்காரர்கள் இலையில் சாப்பிட்டார்கள். வேதமாணிக்கம் தன் தட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சட்டி மூடியில் போட்டுக்கொண்டார்.

"புளி கம்மியாத் தெரியும் தங்கச்சி. தப்பா நெனைக்காதீங்க. இவனுக்குப் புளி கூடுனா ராத்திரி நெஞ்சு கரிக்கும், காவலுக்கு நிக்க முடியாது."

சந்தனமேரி புருஷனைப் பார்த்தாள். ஏழு வருஷமாக அவள் கை நிறையப் புளி கரைத்து ஊற்றியிருக்கிறாள். அவன் கேட்டுக் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சாப்பிட நல்லாத்தான இருக்கு" என்றான் மிக்கேல்ராஜ். கையைக் கழுவிக்கொண்டு, பீப்பாய் உருட்டத் தோணிக்காரர்களோடு போய்விட்டான்.

வேதமாணிக்கம் தட்டுகளை எடுத்தார். அவள் பிடுங்கிக்கொண்டு சாம்பலால் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தீவின் வழக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தார். மாதக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்தவருக்குப் புது முகம் கிடைத்த சந்தோஷம்.

பொழுது அடைந்ததும் விளக்கு ஏற்றுவது. பாதி ராத்திரிவரை அவர் காவல், அப்புறம் மிக்கேல்ராஜ். ஆள் மாறும்போது ஒரு விதி உண்டு. புதிதாக வந்தவன் அப்போதுதான் தூங்கி எழுந்தவன், கண் மங்கலாக இருக்கும், நின்றபடியே மறுபடி தூங்கிவிடுவான். அதனால் பழைய ஆள் உடனே கீழே இறங்கக் கூடாது. கால்மணி நேரம் கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

"பகல்ல இவன் ஊமதான் தங்கச்சி. நானும் அவனும் எதுத்தெதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டா உப்பக் குடுன்னுகூடக் கேக்க மாட்டான். அந்தக் கால்மணிதான் பேசுவான். ஒன்பது வருசமா எல்லாமே அந்தக் கால்மணியிலதான்." வேதமாணிக்கம் தோணிக்கரைப் பக்கம் கையைக் காட்டினார். "புள்ள போன கடுதாசி வந்தப்ப பாருங்க. தோணிக்கரையில வச்சுப் படிச்சான், மடிச்சுப் பையில போட்டான், ரெண்டு மண்ணெண்ண டின்னத் தூக்கிட்டு எப்பவும்போல மேல ஏறுனான். ராத்திரி ஆள் மாறுத நேரம், மேரிராணின்னு பேரு வைக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சின்னான். பெறவு அழுதான்."

தட்டு சுத்தமாகிவிட்டது. சந்தனமேரி அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதாவளா?"

"ஆமா தாயி."

"எம்புட்டு நேரம்?"

வேதமாணிக்கத்துக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கால்மணி இருக்கும். நான் அன்னைக்குக் கூட ஒரு மணி நேரம் இருந்தேன்" என்றார்.

தன் குழந்தைக்குத் தன் புருஷன் மனசில் வைத்திருந்த பேரை நாலு வருஷம் கழித்து ஒரு வேற்றாள் வாயிலிருந்து கேட்கிறாள். அந்த அழுகை அவளுக்கு உரியது. அவளோடு சேர்ந்து அழ வேண்டியது. அதை இந்த வழுக்கைத் தலை வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வேறு ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்திருக்கலாம். இங்கே பிடிக்க முடிகூட இல்லை.

"எங்கிட்ட அழலயே அவிய" என்றாள். குரல் உடைந்தது. உடைந்ததும் கோபம் வந்தது. "நீங்க எங்க வீட்டுக்காரவியள வச்சுக்கிட்டு இங்கன என்னதான் செய்யுதீங்க? ஒங்களுக்கு வீடு வாசல் கெடையாதா? வெங்காயம் நீங்க, கஞ்சி நீங்க, காத்து நீங்க, புளி நீங்க. எனக்குன்னு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

வேதமாணிக்கம் கோபப்படவில்லை. தலையைக் குனிந்து மணலில் விரலால் கோடு போட்டார்.

"வீட்டுக்காரி போயி பன்னெண்டு வருசமாச்சு. மவ கல்யாணமாயி வடக்க எங்கயோ இருக்கா" என்றார். "இவன் லீவுக்குப் போனா அந்தப் பதினஞ்சு நாளும் எனக்கு ஒங்க மேலதான் ஆத்திரம் தங்கச்சி. மொகந்தெரியாத ஒங்க மேல. இந்நேரம் அங்கன என்ன பேசிக்கிட்டு இருப்பானோன்னு."

"ஒண்ணும் பேசல" என்றாள் சந்தனமேரி.

அவர் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மடித்த காகிதம் ஒன்றோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அவளுக்கு அதில் தேதி மட்டும்தான் புரிந்தது.

"தூத்துக்குடி கரைக் கிடங்குல ஒரு ஆளு வேணுமாம். தீவுல அஞ்சு வருசம் முடிச்ச சின்னக் காவலனுக்குத்தான் குடுப்பாவ. பகல் வேல. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். இஷ்டம்னு கையெழுத்துப் போட்டு இந்தத் தோணியில அனுப்பணும். விட்டா வேற ஆளுக்குப் போயிரும்."

"எப்ப வந்துச்சு இது?"

"ஜனவரி முதத் தோணியில." அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஒரு மாசமா பெட்டியில கெடக்கு. இடையில ஒரு தோணி போச்சு. குடுப்போம் குடுப்போம்னுதான் இருந்தேன். நீங்களே அவன்கிட்டக் குடுங்க. நான் குடுத்தா, ஏன் ஒரு மாசம் வச்சிருந்தீகன்னு அவன் கேக்க மாட்டான். கேக்காம இருப்பான் பாருங்க, அது எனக்குத் தாங்காது."

சந்தனமேரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நன்றி சொல்லவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வருகிற புருஷன். அது இப்போது அவள் முந்தானையில் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு அந்தக் கால்மணி வேண்டும்.

பாதி ராத்திரி வேதமாணிக்கம் மேலிருந்து மணி அடித்தார். மிக்கேல்ராஜ் எழுந்து முகம் கழுவி ஏறினான். சந்தனமேரியும் பின்னாலேயே ஏறினாள். நூற்றுப் பன்னிரண்டு படி. மேலே பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு விளக்கு இரைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆள் உயரக் கண்ணாடிக் கூடு சத்தமில்லாமல் சுழன்றது. வெளித்தாழ்வாரத்தில் கருப்பட்டிக் காப்பி இரண்டு டம்ளர் தயாராக இருந்தது.

"நீங்க இறங்குங்க அண்ணாச்சி. கால்மணி நான் இருக்கேன்" என்றாள்.

"அது முடியாது தங்கச்சி. காவல் புஸ்தகத்துல ஒங்க பேரு இல்ல."

"அவிய தூங்காமப் பாக்கணும், அவ்வளவுதான? நான் இருக்கையில தூங்கிருவாவளா?"

வேதமாணிக்கம் மிக்கேல்ராஜைப் பார்த்தார். அவன் காப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர் தன் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். பத்துப் படி இறங்கியதும் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. விதியைப் பாதியாவது காப்பாற்ற, திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டார் என்று தெரிந்தது. அதற்கும் அவளுக்கு எரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேரிராணின்னு வைக்கணும்னு இருந்தீகளாம்லா."

வெளிச்சம் ஒரு தடவை கடல்மேல் போய்த் திரும்பியது.

"அண்ணாச்சி சொல்லிட்டாவளா?"

"நீங்க சொல்லல. யாராச்சும் சொல்லணும்லா."

"ஒன் மொகத்தப் பாத்தா வரமாட்டேங்கு" என்றான் மிக்கேல்ராஜ். "சொல்லணும்னுதான் ஒவ்வொரு லீவுக்கும் வாரேன். ஒன் மொகத்தப் பாத்தா நீ அழுதிருவன்னு தெரியுது. பெறவு எனக்கு வாய் தொறக்க மாட்டேங்கு."

சந்தனமேரி திரும்பி உட்கார்ந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருட்டைப் பார்த்தாள்.

"இப்பப் பாக்கல. சொல்லுங்க."

முதலில் அவன் இருமினான். அப்புறம் சொன்னான். குழந்தையைப் புதைத்த தேதியைக் கடிதத்திலிருந்து கணக்குப் பார்த்தானாம். அன்றைக்குத் தான் இங்கே கண்ணாடிக் கூட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது காவல் புஸ்தகத்தில் இருக்கிறதாம். அங்கே மண் போடுகிற நேரத்தில் தான் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி துடைத்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறதாம். கல்லறையில் வெடித்த மண்ணைப் பார்த்ததும், விரிசலுக்குள் வெயில் இறங்குமே என்று நினைத்தானாம். சுவர் கட்டியபோது ஒரு வாளித் தண்ணீரை யாரும் பார்க்காமல் அந்தக் குழிமேல் ஊற்றினானாம்.

சந்தனமேரி அழுதாள். திரும்பவில்லை. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். படித் திருப்பத்தில் இருக்கிறவருக்கு இதில் பங்கு கொடுக்க அவளுக்கு மனசில்லை.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"கரையில வேல. தூத்துக்குடியில. போன மாசமே வந்த ஆர்டர்."

"மாசம்" என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்தினாள். அண்ணாச்சி செய்ததை இவன் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவையாவது அந்த ஆளைப் பற்றி இவன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வர வேண்டும்.

"தெரியும்" என்றான் மிக்கேல்ராஜ்.

"என்னது தெரியும்?"

"ஆளு எடுக்காவன்னு அய்யாத்துரை தண்டல் போன மாசமே சொன்னாவ. காயிதம் அண்ணாச்சி பெட்டியிலதான் இருக்கும்னு தெரியும். அவியளாக் குடுப்பாவன்னு இருந்தேன்."

"குடுக்காட்டா?"

வெளிச்சம் இரண்டு தடவை சுற்றி வந்தது. பின்னால் அவன் காகிதத்தை மறுபடி மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒளித்து வைத்தவர் ஒருவர். ஒளித்து வைத்ததைத் தெரிந்தும், அவர் மனசு நோகக் கூடாது என்று கேட்காமல் இருந்தவன் இவன். ஊரில் அவள் டப்பாவைக் கவிழ்த்துத் தாள் எண்ணிக்கொண்டிருந்தபோது இங்கே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றாள். "காலையில நீங்க கையெழுத்துப் போடணும். போடாட்டா நான் தோணியில ஏற மாட்டேன். அய்யாத்துரை அண்ணாச்சிகிட்ட அடிச்ச சத்தியம் போனாப் போவுது. இங்கன மூணாவது தட்டு வாங்கி வச்சிருங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காந்திருக்கேன், தெனமும்."

"ஏட்டி, நான் போடமாட்டேன்னா சொன்னேன்?"

"போடுதேன்னும் சொல்லல."

"போடுதேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "எடைக்கல்லு இறங்கிருச்சு, சுத்தணும்" என்று எழுந்தான். அவன் குரல் கனத்திருந்தது. அது பெண்டாட்டியோடு சேரப்போகிற சந்தோஷமா, அண்ணாச்சியை விடுகிற துக்கமா என்று சந்தனமேரி வெகுநேரம் யோசித்தாள். இரண்டும் பாதிப் பாதியாக இருந்தால்கூட அவளுக்குச் சம்மதமில்லை.

காலையில் மிக்கேல்ராஜ் கையெழுத்துப் போட்டான். அதற்கு மேலே பெரிய காவலரின் சிபாரிசு எழுத வேண்டும். வேதமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் ஆறு வரி எழுதினார்.

"என்ன எழுதியிருக்கீங்க? தமிழ்ல சொல்லுங்க" என்றாள் சந்தனமேரி. கெடுத்து எழுதியிருப்பாரோ என்று சந்தேகம்.

அவர் வாசித்தார். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட விளக்கு அணைய விட்டதில்லை. காய்ச்சலிலும் படி ஏறினான். சிக்கனமானவன், பொய் சொல்லாதவன், கோபம் வராதவன். இவனை இழப்பது இந்த நிலையத்துக்கு நஷ்டம். ஆனாலும் இவனுக்குக் குடும்பம் இருக்கிறது.

கெடுத்து எழுதவில்லை. கல்யாண வீட்டில்கூட அவள் புருஷனைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அவளே சொன்னதில்லை. அதையும் அவர்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

தோணி கிளம்பியபோது கடிதம் அவள் பையில் இருந்தது. பதில் ஆள் வந்து சேரும்வரை மிக்கேல்ராஜ் தீவில் இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் கரையில் நின்று பார்த்தார்கள். தோணி கொஞ்ச தூரம் போனதும் திரும்பி மேட்டில் ஏறினார்கள். வேதமாணிக்கம் ஏதோ சொன்னார். மிக்கேல்ராஜ் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

"இனி எத்தன நாளாவும் அண்ணாச்சி, ஆளு மாற?" என்று அவள் அய்யாத்துரையிடம் கேட்டாள்.

"ரெண்டு மாசம் ஆவும் தாயி. ஆபீஸ் வேலைன்னா அப்பிடித்தான்."

"ரெண்டு மாசமா?" என்றாள் சந்தனமேரி. வேம்பாறு வரும்வரை விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரலில் மிக்கேல்ராஜ் ஒரு தகரப் பெட்டியோடு கரை ஏறினான். தூத்துக்குடியில் கிடங்குக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்திருந்தார்கள். சந்தனமேரி ஊர்வீட்டைப் பூட்டிச் சாவியை ஜெயகுமாரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் நாள் வேலை முடிந்து ஆறு மணிக்கே வந்துவிட்டான். புளி குறைத்து வைத்த குழம்பை இரண்டு தடவை போட்டுக்கொண்டான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ராத்திரி விளக்கை அணைத்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

துறைமுகத்தில் எங்கோ சங்கு ஊதியது. அவன் ஒருக்களித்துப் படுத்தான். பாய் சரசரத்தது. ஒன்றும் வரப்போவதில்லை என்று அவள் கண்ணை மூடியபோது அவன் குரல் கேட்டது.

"புதுசாப் போயிருக்க பய நல்லாத் தூங்குதவன். ரெண்டு மட்டம் மணி அடிச்சாத்தான் எந்திரிப்பானாம். அண்ணாச்சி ஒத்தையில என்ன பாடு படுதாவளோ."

சந்தனமேரி நாக்கு நுனிவரை வந்துவிட்ட வார்த்தையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தை விரலால் சுரண்டினாள்.

"ம்" என்றாள், திரும்பாமல். "பெறவு?"